சம்பந்தி வீட்டுத் தாய்ப் பத்திரம்

காங்கேயம் பத்திர ஆபீசுக்கு எதிரே அப்பா போட்ட மேசையில்தான் என் ஆயுசில் பெரும்பங்கு கழிந்தது. அவருக்குப் பின் ஆவண எழுத்தர் உரிமம் என் பெயருக்கு வந்தது. கிரயம், பாகப் பிரிவினை, தான செட்டில்மெண்டு, விடுதலை என்று எழுதியும் படித்தும் பழகிய கண். இப்போது மேசையை அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான். நான் வீட்டில் உட்கார்ந்து வேறொரு ஊர்ப் பத்திரங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊர் இப்ஸ்விச். ஜில்லா எசெக்ஸ். மாநிலம் மாசசூசெட்ஸ். எல்லாமே 300 வருஷத்துக்கு மேற்பட்டவை.

என் மகளைக் கட்டியவர் அமெரிக்கர். கல்யாணம் நம் ஊர் முறைப்படி சிவன்மலையில் நடந்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலை பாக்கோடு உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா சம்பந்தியம்மாவைப் பார்த்து, "நீங்க என்ன கூட்டமுங்க?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் என்றால் குலம். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது முதலில் வரும் கேள்வி அது. ஆந்தை, தூரன், கண்ணன், பயிரன் என்று பதில் வந்தால் அடுத்து காணிக்கோயில், அதாவது அந்தக் கூட்டத்தின் பூர்வீக ஊர்க் கோயில், எது என்பார்கள். ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இல்லை என்பதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். சம்பந்தியம்மா அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் வீட்டின் முதல் தாத்தா 1630-களில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர், இப்ஸ்விச்சில் நிலம் வாங்கிக் குடியேறியவர் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பெரியப்பா கேட்டுவிட்டு, "அப்படின்னா அந்த ஊருதான் அவங்களுக்குக் காணி" என்றார். அவருக்குத் திருப்தி.

சம்பந்தியம்மாவிடம் அவர்கள் வம்சத்தைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டில் அச்சான தடிமனான புத்தகம் ஒன்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எண் போட்டு ஆண்களின் பெயர்கள் வரிசையாக வரும். இரண்டாம் தலைமுறை மகனை ஜான் என்று வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய மனைவி சாரா. சாராவின் பிறந்த வீடு எது என்று புத்தகம் ஒரு பெயரைச் சொல்கிறது. எதை வைத்து அப்படிச் சொல்கிறது என்பதற்கு ஒரு வரி ஆதாரம்கூட அதில் கிடையாது. சம்பந்தியம்மாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான வம்ச மரங்களில் அதே பெயர் இருக்கிறது. எல்லாம் அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஒருவரை ஒருவர் நகல் எடுத்தவை. ஒரு தப்பான சர்வே எண் ஒரு பத்திரத்தில் ஏறிவிட்டால் அடுத்தடுத்த பத்திரங்களில் எப்படித் தொடரும் என்பது எனக்குத் தெரியும். நான் பார்க்கிறேன், பத்திரங்களை அனுப்புங்கள் என்றேன்.

ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1620-க்கும் 1640-க்கும் இடையே சுமார் 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து நியூ இங்கிலாந்துக்குப் போனார்கள். பெரும்பாலும் பியூரிட்டன் மதப்பிரிவைச் சேர்ந்தவர்கள், பெண்டு பிள்ளைகளோடு போனவர்கள். இப்ஸ்விச்சில் 1633-இல் ஜான் வின்த்ராப் என்ற ஆளுநரின் மகன், அவர் பெயரும் அதேதான், சிலரோடு போய்க் குடியேறினார். 1635-இல் லண்டன் துறைமுகத்தில் கப்பலேறியவர்களின் பட்டியல் இன்றைக்கும் இருக்கிறது. பெயர், வயது, பாதிரியார் கொடுத்த சான்று எல்லாம் அதில் உண்டு. அந்தக் காலத்துச் சாதாரணக் குடியானவனைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அதைவிட மலைப்பு, பத்திரப் பதிவு. மாசசூசெட்ஸில் 1640-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: நில விற்பனையும் அடமானமும் பதிவு செய்யப்படாவிட்டால் மூன்றாம் மனிதரைக் கட்டுப்படுத்தாது என்று. நான் தினமும் புழங்கிய பதிவுச் சட்டம் 1908-ஆம் வருஷத்தது. ஆனால் எண்ணம் அதுதான், ஒரு மாற்றுக்குறையவில்லை. எழுதிக் கொடுத்தவர் நீதிபதி முன்னால் போய், இது நான் எழுதியதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் எழுத்தர் அதைப் பெரிய புத்தகத்தில் நகல் எடுத்துக்கொள்வார். பழைய நாளில் நம் ஆபீசில் ஒன்றாம் புத்தகத்தில் கையால் நகல் எடுத்த மாதிரியேதான். அந்தப் புத்தகங்களின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. மகள் பெரிதாக்கி அச்செடுத்து அனுப்புவாள்.

முதலில் அந்தக் கையெழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை. வளைவும் சுழிப்புமாக, 'எஸ்' எல்லாம் 'எஃப்' மாதிரி நீண்டு கிடக்கும். ஆனால் பத்திரம் என்பது எந்தத் தேசத்திலும் ஒரு வாய்பாடு. இன்ன தேதியில் இன்ன ஊரில் இருக்கும் இன்னார் மகன் இன்னாருக்கு என்று தொடங்கும் இடம் தெரியும். ரொக்கம் பெற்றுக்கொண்ட வரி எங்கே வரும் என்று தெரியும். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று நாம் எழுதும் வரிக்கு அங்கேயும் ஒரு வரி உண்டு. அவனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் என்று அது ஓடும். வாய்பாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற எழுத்துகள் தாமாக வழிக்கு வந்துவிடும்.

செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நாலு எல்லை விவரத்தைப் படித்தபோதுதான் உண்மையிலேயே அந்த ஊருக்குள் போனேன். கிழக்கே ஓடை, தெற்கே கற்குவியல், அங்கிருந்து குறி வெட்டிய வெள்ளை ஓக் மரம், வடக்கே இன்னாருடைய நிலம். என் அப்பா எழுதிய பத்திரங்களில் கிழமேல் இட்டேரிக்கு வடக்கு, கிளுவை வேலிக்கு மேற்கு, பழனிச்சாமி பூமிக்குத் தெற்கு என்று வரும். இட்டேரிகள் பாதி தார் ரோடாகிவிட்டன. வேலிகள் கல்லுக்கால் கம்பி வேலியாகிவிட்டன. அந்த ஓக் மரமும் எப்போதோ விழுந்திருக்கும். ஆனால் எல்லையில் இருக்கும் மனிதர்களின் பெயர் நிற்கிறது. வம்சம் தேடுகிறவர்கள் வாங்கியவர், விற்றவர் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். எல்லைக்காரன் பெயரையும் எழுதி வையுங்கள் என்று சம்பந்தியம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அடுத்த சிக்கல், ஜான். அந்த ஊரில் ஒரே சமயத்தில் அதே பெயரும் அதே குடும்பப் பெயருமாக இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். நம் ஊரில் பழனிச்சாமி மாதிரி அங்கே ஜான், தெருவுக்கு ஒருவர். பதிவேட்டில் சீனியர், ஜூனியர் என்று போட்டிருக்கும். இப்போது நாம் அப்பன், மகன் என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் அப்படியில்லை. ஊரில் ஒரே பெயரில் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சித்தப்பனாகவும் இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்துவிட்டால் நேற்றுவரை ஜூனியராக இருந்தவர் சீனியராகிவிடுவார். அந்த அச்சுப் புத்தகத்தை எழுதியவர் இரண்டு ஜான்களையும் ஒருவராகச் சேர்த்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகம். ஒருவருடைய மனைவியை இன்னொருவருக்குக் கட்டி வைத்துவிட்டார்.

இரண்டு பேரையும் பிரிக்க நிலம்தான் வழி. ஆள் பெயர் ஒன்றாக இருக்கலாம். நிலம் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு துண்டு நிலமும் யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போனது என்று தனித்தனித் தாளில் எழுதினேன். வில்லங்கம் பார்ப்பதும் இதே வேலைதான்.

இடையில் தேதியில் ஒரு குழப்பம் வந்தது. சம்பந்தியம்மா ஒருநாள் கொஞ்சம் சங்கடத்தோடு வீடியோவில் வந்தார். ஒரு வருஷ ஏப்ரலில் கல்யாணம், அதே வருஷ பிப்ரவரியில் முதல் குழந்தை என்று பதிவாகியிருக்கிறது. குழந்தை முதலில், கல்யாணம் பிறகா? எனக்கு உடனே நம் வருஷக் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. பழைய ஓலையில் குரோதி வருஷம் ஆனி மாதம், குரோதி வருஷம் தை மாதம் என்று இரண்டு இருந்தால் தைதான் பின்னால் வரும். சித்திரையில் வருஷம் பிறக்கிறதே. அவர்களுக்கும் அப்போது அப்படித்தான். 1752-க்கு முன் இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி மார்ச் 25-இல்தான் வருஷம் பிறந்தது. ஆகவே ஏப்ரலுக்கு அடுத்த பிப்ரவரியும் அதே வருஷம். குழந்தை பத்தாம் மாதம் பிறந்திருக்கிறது. முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணாக எழுதியிருந்தால் முதல் மாதம் மார்ச். 1752 செப்டம்பரில் 2-ஆம் தேதிக்கு மறுநாளை 14 என்று மாற்றி, 11 நாளை விட்டுத்தான் கணக்கைச் சரி செய்தார்கள். இதையெல்லாம் மகள் எனக்காகத் தேடிப் படித்துச் சொன்னாள். சம்பந்தியம்மாவுக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இன்னொன்று, ஜில்லா. மூன்றாம் தலைமுறையில் ஒரு கிளை உள்நாட்டுப் பக்கம் போய்விட்டது. அந்த இடம் இன்று வூஸ்டர் ஜில்லாவில் இருக்கிறது. அங்கே தேடினால் 1731-க்கு முன் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் அந்த ஜில்லாவே 1731-இல்தான் பிரிந்தது. முந்தைய பத்திரம் எல்லாம் தாய் ஜில்லாவில் இருக்கும். காங்கேயத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயமுத்தூர் ஜில்லாவாக இருந்து, 1979-இல் பெரியார் மாவட்டமாகி, 1996-இல் அதற்கு ஈரோடு என்று பெயராகி, 2009-இல் திருப்பூருக்கு வந்தவர்கள் நாம்.

இனி சாரா.

மனைவியின் பெயர் அங்கே கிரயப் பத்திரத்தில் எங்கே வரும் என்றால், பெரும்பாலும் கடைசியில். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் பாத்தியம் விதவைக்கு உண்டு. கணவன் நிலத்தை விற்கும்போது வாங்குகிறவன் பயப்படுவான், நாளைக்கு இவன் சம்சாரம் வந்து பங்கு கேட்டால் என்ன செய்வது என்று. அதனால் அவளிடம் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வார்கள். வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற காலனிகளில் கணவனை அப்பால் நிறுத்திவிட்டு, மனசாரத்தான் கையெழுத்துப் போடுகிறாயா என்று மனைவியிடம் தனியாகக் கேட்கும் முறை இருந்தது. மாசசூசெட்ஸில் அது கட்டாயமில்லை. அவள் கையெழுத்துப் போட்டால் போதும். எழுதத் தெரியாவிட்டால் ஒரு குறி.

ஜானின் கிரயங்களில் சாரா இப்படித்தான் கடைசி வரியில் வந்துகொண்டிருந்தாள். ஒன்றில் மட்டும் மாறி வந்தாள். 1690-களில் ஒரு சின்னத் துண்டு உப்புச் சதுப்பை விற்கிற பத்திரம். அதில் தலைப்பிலேயே, எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்திலேயே, ஜானும் அவன் மனைவி சாராவும் என்று இரண்டு பெயர். வேறு யாராவது படித்திருந்தால் இதைத் தாண்டிப் போயிருப்பார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். சம்மதக் கையெழுத்துப் போடுகிறவரை எவனும் எழுதிக் கொடுப்பவர் பத்தியில் ஏற்ற மாட்டான். சொத்து யாருடையதோ அவர் பெயர்தான் அங்கே வரும். கல்யாணமான பெண்ணின் நிலத்தைக் கணவன் ஆளலாம், அவள் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது என்பது அந்தக் காலத்து இங்கிலீஷ் சட்டம். அப்படியானால் இந்தச் சதுப்பு சாரா வழியில் வந்தது.

உப்புச் சதுப்பு என்றால் என்னவென்று மகளைக் கேட்டேன். கடல் ஏறி இறங்கும் ஓரத்தில் புல் தானாக வளரும் நிலம். அறுத்துக் காய வைத்து, பனிக்காலம் முழுக்க மாட்டுக்குப் போடுவார்கள். உழவில்லை, விதைப்பில்லை. ஆகவே அதற்கு ரொம்ப மதிப்பு. பிளம் ஐலண்டு என்கிற கடலோரத் தீவின் சதுப்பை 1649-இல் ஐந்து பங்காக்கி, நியூபரிக்கு இரண்டு, இப்ஸ்விச்சுக்கு இரண்டு, ரௌலிக்கு ஒன்று என்று மூன்று ஊருக்குப் பிரித்தார்கள். எனக்குக் கேட்டவுடனே விளங்கிவிட்டது. நம் கொறங்காடு அது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கிளுவை வேலிக்குள் கிடக்கும் காட்டை அண்ணன் தம்பிகள் எவ்வளவு துண்டானாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மாடு இருக்கிற வீட்டுக்கு மேய்ச்சல்தான் சொத்து. பாகம் பிரிக்கும்போது கொறங்காட்டுத் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில்தான் விழும்.

அப்படியானால் இந்தச் சதுப்புக்கு எல்லைக்காரர் யார்? பத்திரத்தில் வடக்கே ஒருவருடைய சதுப்பு, மேற்கே அதே குடும்பப் பெயருள்ள இன்னொருவருடைய சதுப்பு. சம்பந்தியம்மாவிடம் அந்தப் பெயரைக் கொடுத்து, இந்த வீட்டில் அதற்கு முன் காலமான பெரியவர் யாராவது உயில் எழுதியிருக்கிறாரா பாருங்கள் என்றேன். எசெக்ஸ் ஜில்லாவின் உயில் கட்டுகளில் இருந்தது. மகன்களுக்கு நிலம். மகள்களுக்குப் பெரும்பாலும் மாடு, படுக்கை, பித்தளைக் கொப்பரை. ஆனால் ஒரு மகளுக்கு இவற்றோடு கொஞ்சம் சதுப்பும். மகள் பெயர் சாரா. கணவன் பெயர் இல்லை. என் மகள் என்று மட்டும் இருக்கிறது. கை நழுவிவிட்டதோ என்று இருந்தது.

சம்பந்தியம்மா அதே கட்டில் கடைசித் தாள்வரை புரட்டியிருக்கிறார். உயிலை நிறைவேற்றியவர் கணக்கு ஒப்படைத்த காகிதங்களுக்கு நடுவே துண்டு ரசீது. என் மனைவி சாராவின் பாத்தியத்துக்காக அவள் தகப்பனார் உயிலின்படி பெற்றுக்கொண்டேன் என்று ஜான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது நகல் அல்ல, அசல். கீழே சாராவின் குறியும் இருக்கிறது. பாதி வட்டம் போட்டு அதன் குறுக்கே ஒரு கோடு. பதிவுப் புத்தகத்தில் எழுத்தர் நகல் எடுத்த குறியும் கிட்டத்தட்ட அப்படியே. பேனாவை அழுத்திப் பிடித்ததில் கோட்டின் முடிவில் மை ஊறிப் பரவியிருந்தது. எத்தனை கைநாட்டு உருட்டிப் பதிய வைத்திருக்கிறேன் நான். அந்த மைக்கறையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

புத்தகம் சொன்ன பிறந்த வீடு வேறு. அந்த வீட்டுச் சாரா இன்னொரு ஜானின் மனைவி. ஊர்ப் பதிவேட்டின்படி அவள் 1680-களிலேயே காலமானவள். 1690-களில் அவள் எப்படிச் சதுப்பை விற்றிருக்க முடியும்? தாளுக்குத் தாள் ஒட்டியது. சம்பந்தியம்மா பாஸ்டனில் 1845-இல் தொடங்கிய வம்ச வரலாற்றுச் சங்கத்தில் விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டி, எழுதி வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்.

இவ்வளவு ஆனதும் எனக்கு வழக்கமான ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இதற்குத் தாய்ப் பத்திரம் எது? யாரிடமிருந்து யார் வாங்கினார் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால் முதல் கை யாருடையது? கேட்டேன். சம்பந்தியம்மா மறைக்கவில்லை. அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் அகவாம் மக்கள். வெள்ளைக்காரர் குடியேறுவதற்கு முன்பே, 1616-க்குப் பிறகு சில வருஷம் அடித்த கொள்ளை நோயில் அந்தக் கரையோர மக்களில் பெரும்பகுதி மாண்டுபோனார்கள். மிஞ்சியவர்களின் தலைவர் மாஸ்கோனோமெட். 1638 ஜூனில் அவர் இப்ஸ்விச் நிலத்தை 20 பவுனுக்கு வின்த்ராப் மகனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1633-இலேயே, குடியேறியாகிவிட்டது. அனுபவம் முதலில், கிரயம் பிறகு.

அதோடு முடியவில்லை. 1684-இல் லண்டனில் மாசசூசெட்ஸ் காலனியின் சாசனத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஊர்கள் கொடுத்த நிலப் பாத்தியம் எல்லாம் செல்லுமா என்று பயம் வந்தது. அப்போதுதான் பல ஊர்க்காரர்கள் பழங்குடி வாரிசுகளைத் தேடிப் போய் எழுதி வாங்கினார்கள். அங்கே சேலம் என்றே பெயருள்ள ஊர் 1686-இல் வாங்கியது. 1700-ஐ ஒட்டி மாஸ்கோனோமெட்டின் பேரப் பிள்ளைகள் சுற்றுவட்டார ஊர்களுக்குத் தங்கள் உரிமையை விட்டு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பாஷையில் விடுதலைப் பத்திரம். வம்ச மரம் வரைகிறவர்கள் இந்தப் பத்திரத்தையும் மரத்தோடு சேர்த்துத் தைத்து வைக்க வேண்டும் என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். பேத்திக்குக் கொடுக்கும் கட்டில் முதல் தாளாக அதைத்தான் வைத்திருக்கிறார்.

பேத்தி அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், அம்மாயி, உங்க பக்கத்துக்கும் இப்படி ஒன்று போடுங்கள் என்றாள்.

உட்கார்ந்தேன். அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, அவருக்கு மேலே ஆண்களின் பெயர் ஐந்தாறு தலைமுறை தடையில்லாமல் வருகிறது. பெண்கள் பக்கம் எழுதத் தொடங்கியதும்தான் தெரிந்தது. அப்பாருவின் அம்மா பயிரன் கூட்டத்துப் பெண், முத்தூர்ப் பக்கம். அவருக்கு மாமியார் தூரன் கூட்டம். யாரைக் கேட்டாலும் கூட்டம் சொல்கிறார்கள், ஊர் சொல்கிறார்கள், அந்த வீட்டுத் தோட்டத்தில் எத்தனை கிணறு என்றுகூடச் சொல்கிறார்கள். பெயர் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. முத்தூர்க்காரி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். சாராவுக்கோ பெயர் 300 வருஷமாக இருந்தது, எந்த வீட்டுப் பெண் என்பதுதான் தொலைந்து போயிருந்தது. அங்கே பெயர் இருக்கிறது, வீடு இல்லை. இங்கே வீடு இருக்கிறது, பெயர் இல்லை. சம்பந்தியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு பெண்ணின் முழு விலாசம் வரும் போலிருக்கிறது என்றார்.

எனக்கு இதில் கோபமும் உண்டு. எங்கள் பக்கம் பெண்ணின் பெயர் காகிதத்தில் ஏறுவது பெரும்பாலும் அவள் எதையாவது விட்டுக்கொடுக்கும் நாளில்தான். தமிழ்நாட்டில் 1989-இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது. 2005-இல் தேசம் முழுமைக்கும் வந்தது. அதற்குப் பிறகு என் மேசைக்கு வந்த விடுதலைப் பத்திரங்கள் ஏராளம். அக்கா தங்கைகள் வரிசையாக உட்கார்ந்து, நகை, சீர்வரிசை வகையில் ஏற்கனவே பெற்றுக்கொண்டபடியால் இனி பாத்தியம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்பா காலமான பிறகு நானும் அக்காவும் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தைத் தயார் செய்தது நான்தான். மனப்பூர்வமாகத்தான் எழுதித் தருகிறீர்களா என்று சார்பதிவாளர் கேட்டார். ஆமாங்க என்றேன். அண்ணன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பேத்தியின் பேத்தி என்னைத் தேடி வந்தால் அவளுக்கு முதலில் கிடைப்பது அந்தப் பத்திரம்தான் என்பது எனக்கு உவப்பாக இல்லை. அதனால்தான் இதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

முத்தூர்க்காரி கிடைத்துவிட்டார். எங்கள் வீட்டு மரப்பெட்டியில், 1930-களில் ஒரு கிணற்றுப் பங்கை வாங்கிய கிரயம். எழுதி வாங்கியவர் பெயரில் அப்பாரு, மைனர். அவருக்குத் தாயும் கார்டியனுமான பாவாயி என்று அடுத்த வரி. சின்ன வயசில் தாலியறுத்த பெண், மகனுக்காகக் கிணற்றில் பங்கு வாங்கியிருக்கிறார். ஏற்றம் இறைக்க முறை எத்தனை நாளுக்கு ஒருதரம், மாமூல் தடம் எது என்பதுவரை விவரமாக எழுதச் சொல்லி வாங்கியிருக்கிறார். விட்டுக்கொடுத்த பத்திரத்தில் இல்லாமல் வாங்கிய பத்திரத்தில் அவர் பெயர் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டேன். "அம்மிணி, எழுதிக்கோ, பாவாயி" என்றேன். பேத்தி அங்கிருந்து மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

அவருடைய மாமியார், அந்தத் தூரன் கூட்டத்துப் பெண், இன்னும் கிடைக்கவில்லை. பாகப் பிரிவினை ஒன்று நடந்திருக்கிறது என்று பெரியப்பா சொல்கிறார். அது பதிவானதா, பதியாத காகிதமா தெரியவில்லை. பழைய அட்டவணையில் தேடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். கைநாட்டு வைத்திருந்தால் பெருவிரல் ரேகைப் பதிவேட்டில் பெயரோடு இருக்கும். சம்பந்தியம்மா அந்தப் பக்கம் இங்கிலாந்துக்குப் போயிருக்கிறார். அங்கே 1538 முதல் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு மாதா கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்திலும், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு. சாராவின் அப்பா எந்தப் பங்கிலிருந்து கப்பலேறினார் என்று பார்க்கப் போகிறார். முதலில் அவர் வேலையாள்களின் பெயரையும் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒரே ஊரார் ஒன்றாகத்தான் கப்பலேறியிருப்பார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.